அப்பா வாங்காத கடன் அப்பா பெயரில்: எங்கிருந்து தொடங்குவது?

திருவையாறு வாசு

வணக்கம். அப்பா ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். நான் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது அவரை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தேன். வங்கியில் அவருடைய கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு மேலாளர் தயக்கத்தோடு திருப்பிக் காட்டினார். ஒரு கைப்பேசிக் கடன் செயலியில் 38,000 ரூபாய் தனிநபர் கடன், தவணைகள் நிலுவை. அப்பா வாழ்நாளில் வாங்கிய ஒரே கடன் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கியது. அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது. அவருடைய கைப்பேசியில் அப்படி ஒரு செயலியே கிடையாது. ஓய்வூதியக் கணக்கிலும் அந்தப் பணம் வந்ததற்கான வரவு இல்லை.

வீட்டுக் கடன் நிற்கட்டும், அது பிறகு. இதை எங்கே போய் முறையிடுவது? காவல் நிலையமா, வங்கியா, அந்தச் செயலிக்காரர்களா? அப்பா இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கறார் கந்தன்

38,000 தானே. கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். அலைவதற்கு ஆகும் செலவும் மன உளைச்சலும் அதைவிட அதிகம். என் உறவினர் ஒருவர் இப்படித்தான் முடித்தார்.

பழைய காசாளர்

கந்தன் சொல்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கட்டிவிட்டால் கடன் உங்கள் அப்பாவுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அவர்கள் பதிவு செய்துகொள்வார்கள். அதோடு, தாமதமாகக் கட்டிய வரலாறு அறிக்கையில் அப்படியே நிற்கும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் இன்னும் மோசம். "செட்டில்டு" என்று ஒரு முத்திரை விழும். அடுத்து எந்த வங்கிக்குப் போனாலும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் முகம் மாறும். முப்பது ஆண்டு வங்கியில் இருந்தவன் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பணம் பறிபோன உடனே அழைத்தால் அதை வழியிலேயே நிறுத்திவைக்க உதவும் எண் அது. உங்கள் விஷயத்தில் பணம் எப்போதோ கைமாறியிருக்கும்; ஆனாலும் புகார் எண் ஒன்று கையில் இருக்க வேண்டும். பிறகு உங்கள் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள்.

அடுத்தது கடன் கொடுத்த நிறுவனம். செயலியின் பெயரைப் பார்க்காதீர்கள். செயலி வெறும் முகப்புதான். அதன் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற ஒரு நிதி நிறுவனமோ வங்கியோ இருக்கும், அதன் பெயர்தான் கடன் அறிக்கையில் வரும். அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். "நான் கடன் வாங்கவில்லை" என்று புலம்பி எழுதாமல் ஆவணம் கேளுங்கள்: கடன் ஒப்பந்தம், விண்ணப்பத்தில் கொடுத்த கைப்பேசி எண், எடுத்த படம். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் எந்தக் கணக்கில் போடப்பட்டது, அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் அவர்கள் மாட்டுவார்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, சில விதிவிலக்குகள் தவிர, கடன் தொகை கடன் வாங்குபவரின் சொந்த வங்கிக் கணக்கில்தான் நேராக விழ வேண்டும். வேறொருவர் கணக்கில் விழுந்திருந்தால், அது ஏன் என்று பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

திருவையாறு வாசு

மிக்க நன்றி ஐயா. 1930-இல் பதிந்துவிட்டேன். மாலையில் அப்பாவின் வாட்ஸ்அப்பைப் பின்னோக்கித் துழாவியபோது வேறொன்று அகப்பட்டது. ஓய்வூதியம் வழங்கும் கருவூலத்திலிருந்து வந்ததுபோல ஒரு செய்தி. கோபுர முத்திரை, அப்பாவின் பெயர், சரியான ஓய்வூதிய ஆணை எண். "ஆண்டு நேர்காணல் முடிக்கப்படாததால் அடுத்த மாதம் முதல் ஓய்வூதியம் நிறுத்தப்படும். நேரில் வர இயலாதவர்கள் இணையத்திலேயே முடிக்கலாம்" என்று ஓர் இணைப்பு. அப்பா திறந்து நிரப்பியிருக்கிறார்: பான் அட்டையின் படம், ஆதாரின் இரு பக்கங்கள், அட்டையை முகத்தருகே பிடித்தபடி ஒரு செல்ஃபி.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "அவன் ஓடிபி கேட்கவில்லை, பின் நம்பர் கேட்கவில்லை, ஒரு ரூபாயும் கேட்கவில்லை. அப்புறம் எப்படி அது மோசடி?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நொச்சிவேலி

வாசு, உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. பல வருடங்களாக நாட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரே பாடத்தைத்தான் நடத்தினோம்: ஓடிபியைச் சொல்லாதே. வங்கிக் குறுஞ்செய்தி, வானொலி, தொலைபேசி மணிக்கு முன் வரும் குரல், எங்கும் அதுவே. உங்கள் அப்பா அதைச் சரியாகக் கற்று, சரியாகவே கடைப்பிடித்திருக்கிறார். அவருடைய கணக்கிலிருந்து ஒரு பைசா போகவில்லை பாருங்கள். திருடியவனுக்கு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை. அவரை வைத்துப் புதிதாக ஒரு கடனாளியைச் செய்துகொண்டான்.

நான் கோவையில் தகவல் பாதுகாப்புத் துறையில் இருக்கிறேன். எங்களிடம் வரும் போலிப் பக்கங்களில் இப்போது என்னை அதிகம் அச்சுறுத்துபவை பணமே கேட்காதவைதான். பணம் கேட்கும் பக்கத்தில் மனிதருக்கு ஓர் எச்சரிக்கை மணி அடிக்கிறது. "சரிபார்ப்பு", "புதுப்பிப்பு", "நேர்காணல்" என்று வந்தால் அது அடிப்பதில்லை. அரசு அலுவலக வரிசையில் நின்று நகல் கொடுத்தே பழகிய நமக்கு, நகல் கேட்பவன் அதிகாரியாகத்தான் தெரிவான்.

அந்த இணைப்பின் முகவரியை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினீர்கள். அதில் தமிழ்நாடு இருக்கிறது, கருவூலம் இருக்கிறது, ஜிஓவி கூட இருக்கிறது, ஆனால் எல்லாம் நடுவில். முகவரி முடிவது "டாட் ஆன்லைன்" என்று. முகவரியைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன்: தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். முதலில் தட்டுப்படும் துண்டுகள்தான் வீட்டுச் சொந்தக்காரர். அதற்கும் இடப்பக்கத்தில் உள்ளதை யார் வேண்டுமானாலும் விருப்பம்போல எழுதிக்கொள்ளலாம். அரசுத் தளம் என்றால் பெரும்பாலும் "ஜிஓவி டாட் இன்" அல்லது "என்ஐசி டாட் இன்" என்று முடியும். வங்கிகளுக்கும் ரிசர்வ் வங்கி 2025-இல் "பேங்க் டாட் இன்" என்ற முடிவைக் கொடுத்து, அக்டோபர் இறுதிக்குள் எல்லா வங்கிகளும் மாற வேண்டும் என்று சொன்னது. இதில் "டாட் பேங்க் டாட் இன்" என்று புள்ளியோடு முடிய வேண்டும். புள்ளி இருந்த இடத்தில் சிறு கோடு இருந்தால் அது வேறொருவன் வீடு.

பூட்டுச் சின்னத்தை நம்பாதீர்கள். அது நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டுமே சொல்கிறது; திருடனோடு நீங்கள் பாதுகாப்பாகப் பேசலாம் என்பதற்கும் அதே பூட்டுதான். அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் உலாவி 2023-இல் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது.

கறார் கந்தன்

எல்லாம் சரி. ஆனால் ஆசிரியராக இருந்தவர், நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர், முத்திரையைப் பார்த்து இப்படி நம்பலாமா? கேட்பதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பழைய காசாளர்

கோபமில்லை கந்தன். ஓய்வூதிய ஆணை எண் சரியாக இருந்ததைப் படித்தீர்களா? அந்த எண் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அவருக்கும் மட்டும் தெரிய வேண்டியது. அது எங்கோ கசிந்து இவன் கைக்கு வந்திருக்கிறது. சரியான எண்ணோடு வருகிறவனை நம்புவதற்குப் படிப்பில்லாமை தேவையில்லை. நான் பணியில் இருந்தபோது ஏமாந்து வந்து நின்றவர்களில் தணிக்கையாளர் உண்டு, மருத்துவர் உண்டு. படிக்காத மூதாட்டி ஒருவர் மட்டும் "எதுவானாலும் கிளைக்கு வந்து பேசிக்கொள்கிறேன்" என்று வைத்துவிடுவார். அவரிடம் எவன் பருப்பும் வேகவில்லை.

அல்லிக்குளம்

நான் இ-சேவை மையமும் அதோடு ஜெராக்ஸ் கடையும் நடத்துகிறேன். இணைப்பைச் சொடுக்காதவருடைய ஆதாரும் வெளியே திரிகிறது என்பதை எங்கள் தொழிலில் இருப்பவன் ஒளிக்கக் கூடாது. அச்செடுக்க வருகிறவர் பத்தில் ஒன்பது பேர் கோப்பைக் கடை எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அச்செடுத்து, ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கோப்பு கடைக் கணினியில் இருக்கும். ஊரில் பாதிப் பேரின் பான், ஆதார், வங்கிப் புத்தக முதல் பக்கம் எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். என் கடையில் இரவு மூடும்போது அழித்துவிட்டுத்தான் போவேன். எல்லாரும் அப்படி இல்லை. கூச்சப்படாமல் "அண்ணா, அழித்துவிடுங்கள்" என்று நின்று, கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். எங்களுக்குக் கோபம் வராது.

சரியாக வராத நகலைக் கசக்கிக் கீழே போடுவார்கள். அதைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள்.

நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே "இன்ன அலுவலகத்தில், இன்ன தேவைக்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். படத்தின் மேலும் எழுத்தின் மேலும் கோடு ஓட வேண்டும். விடுதி, வாடகை வீடு போன்ற இடங்களுக்கு எண் மறைத்த ஆதாரே போதும். ஆதார் தளத்தில் "மாஸ்க்டு ஆதார்" என்று இறக்கிக்கொள்ளலாம், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் "நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள்" என்று நல்ல அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. மக்கள் பயந்துவிடுவார்கள் என்றோ என்னவோ, இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. மறைத்த ஆதார் மட்டும் இன்றும் இருக்கிறது, பயன்படுத்துவதில் தடையில்லை.

சிபில்_நிவாரணி

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர்

மேலே ஒருவர் "48 மணி நேரத்தில் கடன் அறிக்கையைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று எண் கொடுத்திருந்தார். நீக்கிவிட்டோம். வாசு, உங்களுக்குத் தனிச்செய்தியிலும் வந்திருந்தால் தெரிவியுங்கள்.

பழைய காசாளர்

நெறியாளருக்கு நன்றி. பொதுவெளியில் "ஏமாந்துவிட்டேன்" என்று எழுதியதும் இந்தக் கூட்டம் மோப்பம் பிடித்து வந்துவிடும். சமூக ஊடகத்தில் வங்கியைக் குறிப்பிட்டுப் புகார் எழுதினால், அடுத்த சில நிமிடங்களில் வங்கியின் சின்னத்தோடு ஒரு போலிக் கணக்கு "உங்கள் எண்ணைத் தாருங்கள், உதவுகிறோம்" என்று வந்து நிற்கும். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவன் இரண்டாவது திருடன். கூகுளில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் அப்படியே அழைக்காதீர்கள். அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண், கணக்குப் புத்தகத்தில் உள்ள எண், அவ்வளவுதான்.

சிராங்கூன் சாமி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2021 டிசம்பரில் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஓசிபிசி வங்கியின் பெயரில் குறுஞ்செய்தி வந்தது. விஷயம் என்னவென்றால், அது புது எண்ணிலிருந்து வரவில்லை. வங்கி அதுவரை அனுப்பிய உண்மையான செய்திகள் இருந்த அதே வரிசையில், அவற்றுக்குக் கீழேயே வந்து உட்கார்ந்தது. கைப்பேசி அனுப்புநர் பெயரை மட்டும் பார்த்துச் செய்திகளை அடுக்குவதால் வந்த வினை. 790 வாடிக்கையாளர்கள், 1.37 கோடி சிங்கப்பூர் வெள்ளி. நாடே பதறிப்போனது. கடைசியில் வங்கி நல்லெண்ண அடிப்படையில் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தது.

அதன் பிறகுதான் நிறைய மாறியது. வங்கிகள் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின. 2023 ஜனவரி முதல் அனுப்புநர் பெயரைப் பதிவு செய்யாதவரின் குறுஞ்செய்திக்கு "மோசடியாக இருக்கலாம்" என்ற பெயர்தான் வருகிறது. 2024 டிசம்பர் 16 முதல் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று நடைமுறையில் இருக்கிறது: போலி இணைப்பால் பணம் போனால் முதலில் வங்கி தன் கடமையைச் செய்ததா என்று பார்ப்பார்கள், அடுத்துத் தொலைத்தொடர்பு நிறுவனம், அவை இரண்டும் தவறவில்லை என்றால்தான் இழப்பு வாடிக்கையாளர் தலையில். கந்தன் அண்ணனுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். ஏமாந்தவரின் அறிவை அளப்பதை விட்டுவிட்டு, வழியில் எத்தனை கதவு திறந்து கிடந்தது என்று எண்ணத் தொடங்கினால்தான் காரியம் நடக்கிறது.

குறையில்லாமல் இல்லை. மோசடிச் செயலியை நிறுவியதால் பணம் போனால் அந்த ஏற்பாடு உதவாது; நீங்களே விரும்பி அனுப்பிய பணத்துக்கும் உதவாது. இங்கும் வயதானவர்கள் சேமிப்பைத் தொலைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வழக்காடி

சட்டப் பக்கம் சிலவற்றைச் சொல்கிறேன்.

புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி, 66டி பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். முன்னது அடையாளத் திருட்டு, பின்னது கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 319-ஆவது பிரிவும் பொருந்தும். நிலையத்தில் வாங்க மறுத்தால், மின்னணு வழியில் அனுப்பிவிட்டு மூன்று நாட்களுக்குள் போய்க் கையெழுத்திட 2024 ஜூலை முதல் சட்டத்திலேயே இடமிருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள், அதன் பிறகு நீதித்துறை நடுவர்.

இணையத்தில் பலர் "மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை" என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையை எடுத்துக் காட்டுவார்கள். அது உங்கள் கணக்கிலிருந்து அனுமதியின்றிப் பணம் போனால் பொருந்துவது. உங்கள் பெயரில் வேறொருவன் கடன் வாங்கியதற்கு அதைப் பிடித்துக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். உங்களுக்கு உரியது, கடன் அறிக்கை தயாரிப்பவர்களுக்கான 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம். அறிக்கையில் பிழை என்று முறையிட்டால் 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால் அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டு, அடுத்த ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. நூறு ரூபாய் பெரிய தொகையில்லை; ஆனால் கடிதத்தில் அந்த ஒரு வரி இருந்தால் கோப்பு நகர்கிறது என்பது என் அனுபவம்.

நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லாமல் போகலாம். கடன் கொடுத்த நிறுவனமோ கடன் தகவல் நிறுவனமோ 30 நாட்களில் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வசூல் முகவர்கள் அழைக்கிறார்களா? காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது விதி. மீறினால் நேரத்தோடு குறித்துவையுங்கள்.

திருவையாறு வாசு

அழைக்கிறார்கள் ஐயா, ஆனால் அப்பா எண்ணுக்கு அல்ல. அப்பா வேலை பார்த்த பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு அழைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒரு பயம் இருக்கிறது. அவர்களிடம் அப்பாவின் செல்ஃபி இருக்கிறது. "இதோ உங்கள் முகம், நீங்கள்தான் வாங்கினீர்கள்" என்று சொல்லிவிட்டால்?

நொச்சிவேலி

சொல்வார்கள். முதல் பதில் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். கருவூலப் பக்கத்தில் கொடுத்த அதே படம் என்றால், சட்டை, பின்னணிச் சுவர், வெளிச்சம் எல்லாம் உங்கள் அப்பா கைப்பேசியில் இருக்கும் படத்தோடு பொருந்தும். அந்த அசல் படத்தை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள். அவமானமாக இருக்கிறது என்று பலர் முதலில் செய்வது அழிப்பதுதான். சாட்சியம் போய்விடும். தலைமை ஆசிரியருக்கு வந்த அழைப்பின் எண்ணையும் நேரத்தையும் வாங்கி அதே கோப்பில் சேருங்கள்.

இன்னொன்று. காசாளர் ஐயா சொன்ன கேள்விக்கு அவர்கள் "உங்கள் அப்பா பெயரில் உள்ள கணக்கில்தான் போட்டோம்" என்று சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. ஏனென்றால் அதே ஆவணங்களை வைத்துப் புதிதாக ஒரு வங்கிக் கணக்கையும் திறந்திருக்கலாம். வருமான வரித் தளத்தில் அப்பாவின் கணக்கில் நுழைந்து ஏஐஎஸ் என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையைப் பாருங்கள். பான் எண்ணோடு வங்கிகள் தெரிவித்த சேமிப்பு வட்டி அதில் வரும். அறியாத வங்கியின் பெயர் இருந்தால் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது என்று பொருள். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி உண்டு, அதையும் பாருங்கள். கூலி வேலை செய்பவர்களுக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகள் நம் ஊரிலேயே வந்தன. அவர்கள் பெயரில் யாரோ கம்பெனி நடத்தியிருப்பார்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அப்பா பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் இருக்கின்றன என்றும் தெரிந்துகொள்ளலாம். அறியாத எண் இருந்தால் "என்னுடையதல்ல" என்று அங்கேயே சொல்லலாம்.

கத்தரிப்பூ

இதைப் படித்துவிட்டு என் மாமியாரின் ஆதாரில் கைரேகையைப் பூட்டலாம் என்று இருக்கிறேன். பூட்டினால் ரேஷன் கடையில் பொருள் வாங்க முடியுமா? அவர்தான் மாதாமாதம் போய் வருவார்.

அல்லிக்குளம்

நல்ல கேள்வி அக்கா. பூட்டியிருக்கும்போது கைரேகை, கண், முகம் எதுவும் செல்லாது. கடையில் இயந்திரம் ஏற்காது. வாங்கப் போகும் அன்று தற்காலிகமாகத் திறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். ஆனால் கடை வரிசையில் நின்றுகொண்டு, கைப்பேசியில் ஓடிபி வாங்கித் திறப்பதெல்லாம் உங்கள் மாமியாரால் ஆகுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அட்டையில் பெயருள்ள வேறொருவர் பூட்டாமல் வைத்துக்கொண்டு பொருள் வாங்குவது எளிது. கைப்பேசி எண் ஆதாரில் இணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டவும் முடியாது, திறக்கவும் முடியாது.

பூட்டுவது வீண் பயமல்ல. தெலங்கானாவில் 2018-இல் ஒரு சிம் விற்பனையாளர் நிலப் பத்திரங்களில் இருந்த கைரேகைப் பதிவுகளை எடுத்து, ரப்பரில் போலி விரல் செய்து, ஆயிரக்கணக்கில் சிம் அட்டைகளை இயக்கிப் பிடிபட்டார். பின்னால் அதே வித்தையை ஆதார் வழிப் பண எடுப்பில் காட்டினார்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது.

நொச்சிவேலி

ஒரு திருத்தம் மட்டும். கைரேகையைப் பூட்டினாலும் ஆதார் ஓடிபி வழிச் சரிபார்ப்பு வேலை செய்யும். ஆகவே அந்தக் கைப்பேசி எண்ணும், அதோடு பிணைந்த மின்னஞ்சலும்தான் உண்மையான சாவி. மின்னஞ்சலுக்குப் பாஸ்கீ, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியிலேயே இருக்கும் மின்னணுச் சாவி, வைத்துக்கொள்ளுங்கள். அது உண்மையான தளத்தின் முகவரியில் மட்டும்தான் திறக்கும். போலிப் பக்கத்தில் நீங்களே கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது. ஓடிபிக்கு அந்தக் குணம் இல்லை, போலிப் பக்கத்தில் தட்டினால் அவன் அதை அந்த நொடியிலேயே உண்மையான தளத்தில் போட்டுவிடுவான். வாசுவின் அப்பாவுக்கு இது எதுவும் உதவியிருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரிடம் கேட்டது கடவுச்சொல் இல்லையே.

திருவையாறு வாசு

நிலவரம் சொல்கிறேன். நிறுவனத்தின் முதல் பதில், நொச்சிவேலி சொன்னபடியே, "முகப் பொருத்தம் சரியாக இருந்தது, கடன் செல்லும்" என்று இரண்டு வரி. செல்ஃபியின் அசலையும் போலிச் செய்தியையும் சி.எஸ்.ஆர். நகலையும் இணைத்து, பணம் போன கணக்கின் பெயரைக் கேட்டு, நூறு ரூபாய் வரியையும் சேர்த்து மறுபடி எழுதினேன். இந்த முறை குறைதீர்ப்பு அலுவலரே அழைத்தார். கணக்கு வடமாநிலம் ஒன்றில், முற்றிலும் வேறொரு பெயரில் இருக்கிறதாம். விண்ணப்பத்தில் இருந்த கைப்பேசி எண்ணும் அப்பாவுடையது அல்ல. ஏஐஎஸ்ஸில் புதிய வங்கி எதுவும் இல்லை, ஜிஎஸ்டியிலும் இல்லை.

நேற்று அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. "மேற்படி கடன் கணக்கு முடிக்கப்பட்டது, நிலுவை ஏதுமில்லை." மூன்று கடன் தகவல் நிறுவனங்களில் பதிவு மாறிவிட்டது. ஒன்றில் மட்டும் இன்னும் நிலுவை என்றே காட்டுகிறது. கடிதத்தை அப்பா சட்டம் போட்டு மாட்டாத குறை.

பழைய காசாளர்

மகிழ்ச்சி. ஆனால் சட்டம் போட வேண்டாம், அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்புங்கள். "முடிக்கப்பட்டது" என்றால் கடன் இருந்தது, பிறகு முடிந்தது என்று அர்த்தம். மாறிவிட்டதாகச் சொன்ன மூன்று அறிக்கைகளையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். அநேகமாக "குளோஸ்டு" என்று இருக்கும், தாமதமான மாதங்களும் அப்படியே நிற்கும். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி அந்த மாதங்களைத்தான் பார்க்கும். "இந்தக் கடன் இவரால் பெறப்பட்டதல்ல, ஆள்மாறாட்டத்தால் வழங்கப்பட்டது, நான்கு நிறுவனங்களிலும் பதிவை முழுமையாக நீக்கக் கோரியுள்ளோம்" என்று கடிதத் தாளில் கையெழுத்தோடு வேண்டும். நான்காவது நிறுவனத்துக்கு அந்தக் கடிதத்தை இணைத்துத் தனியாக முறையீடு போடுங்கள், தானாக மாறும் என்று காத்திருக்க வேண்டாம்.

திருவையாறு வாசு

பார்த்தேன் ஐயா. மூன்றிலும் "குளோஸ்டு" என்றுதான் இருக்கிறது, நிலுவை மாதங்கள் சிவப்பில் அப்படியே. நீங்கள் சொன்ன வாசகத்தையே போட்டு அவர்களுக்கு எழுதிவிட்டேன். நான்காவதற்கு முறையீடு பதிந்து எண் வாங்கியாயிற்று. பள்ளிக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று அப்பா கேட்கிறார். தலைமை ஆசிரியரிடம் அவரே கொண்டுபோய்க் கொடுப்பாராம்.

கறார் கந்தன்

வாசு, அந்தக் கடிதத்தின் வாசகத்தை இங்கே முழுதாகப் பதிய முடியுமா? என் உறவினர் கட்டி முடித்ததாகச் சொன்னேனே, அவர் அறிக்கையிலும் "செட்டில்டு" என்று இருக்கிறதாம். வண்டிக் கடன் மறுத்துவிட்டார்கள்.

பழைய காசாளர்

அவர் கட்டியிருந்தாலும் புகார் கொடுக்கத் தடையில்லை. பணம் எந்தக் கணக்கில் போனது என்ற கேள்வியிலிருந்தே அவரும் தொடங்கட்டும். கட்டிய ரசீதோடு, ஏன் கட்டினார் என்பதையும் முதல் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்: வசூல் முகவர் மிரட்டலா, வண்டிக் கடன் அவசரமா, எதுவானாலும். பின்னால் சொன்னால் நம்ப மாட்டார்கள்.